நாலே முக்காலுக்கு மேல் வீட்டில் இருப்பேன்

அந்த அறையில் பத்துக் கணினிகள்தான் இருந்தன. நான்கு தடவை எண்ணினேன். நான்காம் தடவை மேசைகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். காலில் ஏறும் அட்டைக்குப் போடும் உப்புப் பொட்டலம் ஒன்றும், காலையில் நான் தொலைத்த பேனாவும் கிடைத்தன. பதினோராவது கணினி கிடைக்கவில்லை. ஆனால் பத்தும் சேர்ந்து ஒரே வாசகத்தில் என்னிடம் முறைப்பாடு செய்துகொண்டிருந்தன: பதினொன்று பதில் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் பழைய டிஸ்பென்சரிக் கட்டடம். டிஸ்பென்சரி வேறு இடத்துக்குப் போன பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அதில் பத்துக் கணினிகளை வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தட்டெழுத்துப் பயிற்சி நடத்தியது. சுவரில் மருந்து வாசம் போகவில்லை. மழைநாளில் கதவைத் திறந்தால் யாரோ ஊசி போட்டுவிட்டு இப்போதுதான் வெளியே போனது போல இருக்கும்.

எனக்கு முன்னால் அங்கே கற்றுக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. சித்திரை கழிந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். எலிக்காய்ச்சல் என்று இரத்தினபுரியில் கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஐந்து மாதம் நிலையம் பூட்டிக் கிடந்தது. ஐப்பசியில் என்னை அனுப்பினார்கள். எனக்குக் கணினி எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை வேறு யாருக்காவது கிடைத்திருக்கும்.

வேலை ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை பத்துப் பெண்களுக்குத் தமிழ்த் தட்டெழுத்துப் பரீட்சை. அந்த வருடம் விசைப்பலகை அமைப்பை மாற்றிவிட்டார்கள். புதிய அமைப்பு கணினியில் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. அடுத்தது ஒரு வருடம் கழித்து. அந்தப் பத்துப் பேரில் ஆறு பேருக்கு வீட்டில் அந்த ஒரு வருடம் கிடையாது. கல்யாணமோ, கொழும்பில் வீட்டு வேலையோ, கொழுந்துக் கூடையோ காத்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிய அமைப்பை வெள்ளிக்குள் ஏற்ற வேண்டும். நான் திங்கட்கிழமை தொடங்கினேன். நாலு நாள் தாராளம் என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லியும் விட்டேன்.

விசைப்பலகை தனியாக வராது என்பது பிறகுதான் தெரிந்தது. அது வருவதற்கு இன்னொன்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்த இன்னொன்றுக்கு வேறு நாற்பது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் வீட்டார் முழுக்க லொறியில் வந்து இறங்குவது மாதிரி. அந்த நாற்பதையும் எங்கிருந்து எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் முகவரிதான் பதினொன்று. ஒன்று முதல் பத்து வரை கணினிகளின் நெற்றியில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தது. முகவரிகளின் கடைசி எண்ணும் அதுவே. மாஸ்டர் ஒழுங்கான மனுசர். அப்படிப்பட்டவர் இல்லாத ஒரு பதினொன்றிடம் ஏன் பத்துக் கணினிகளையும் கையேந்தி நிற்க வைத்தார்?

மூன்றாம் இலக்கக் கணினியில் அந்த முகவரியை ஒதுக்கிவிட்டு, நேரே வெளிநாட்டிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். தொலைபேசி வழியாக வரும் இணைய இணைப்பு. கணினி கணக்குப் போட்டு மூன்று நாள் பத்தொன்பது மணித்தியாலம் என்றது. அது ஒரு கணினிக்கு. நான் பழையபடியே மாற்றிவிட்டேன்.

பெண்கள் நாலு மணிக்குப் போய்விட்டார்கள். ரப்பர்க் காட்டிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் பதினொன்றாம் முகவரி அகப்பட்டது. அதற்கு மேலே கணினி படிக்காத, ஆட்கள் மட்டும் படிக்கிற குறிப்பு வரி ஒன்று. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அழிக்க வேண்டாம். நாலே முக்காலுக்கு மேல் வீட்டில் இருப்பேன்."

சத்தமாகச் சிரித்தேன். நான் சிரித்த சத்தம் எனக்கே பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். ஐந்து மாதத்துக்கு முன் இறந்த மனுசர், வீட்டில் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். சரி, உயிரோடு இருக்கும்போது எழுதியதுதானே என்று எனக்கே விளக்கம் சொன்னேன். பிறகு, பகிடி விடுகிற புத்தி சும்மா இருக்காதே, கணினியில் ஒரு கட்டளை உண்டு: இன்னொரு கணினியிடம் வினாடிக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா' என்று கேட்கும், அது இருந்தால் 'இருக்கிறேன்' என்று ஒரு வரி வரும். அதைப் பதினொன்றுக்குப் போட்டேன். "எங்க மாஸ்டர், ஆளக் காணோம்" என்று திரையைப் பார்த்துச் சொல்லவும் சொன்னேன்.

பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. நான் கால்மேல் கால் போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்த ரப்பர் செருப்பை ஆட்டிக்கொண்டிருந்தேன். சுவர் மணிக்கூட்டில் நாலு ஐம்பது.

இருக்கிறேன் என்றது.

இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன். வினாடிக்கு ஒன்று.

அடுத்து என்ன செய்தேன் என்பதை மரியாதையான வார்த்தையில் எழுத முயல்கிறேன். நிலையத்திலிருந்து வெளியேறினேன். கதவைப் பூட்டவில்லை, குடை எடுக்கவில்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கலவானைக்குப் போகும் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எத்தனை அட்டை என் காலில் ஏறியது என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர்தான் எண்ணிச் சொன்னார்.

மறுநாள் காலை நான் போனபோது பெண்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பத்துப் பேரில் வாய் நீளமான ஒருத்தி இருந்தாள். தட்டெழுத்திலும் அவள்தான் வேகம். வாசலில் என் ஒற்றைச் செருப்பை நேராக வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"சார், இந்தச் செருப்பு மட்டும் நேத்துலருந்து இங்க வேல செய்யுதுங்க. நீங்க எங்க போனீங்க?"

அவசர வேலை என்றேன். மூன்றாம் கணினியைக் காட்டினாள். நான் நிறுத்தாமல் ஓடியதால் அது இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "யாருகிட்டயோ விடிய விடிய இருக்கியா, இருக்கியான்னு கேட்டிருக்குங்க. அந்தாளு அஞ்சே முக்காலோட பேச்ச நிறுத்திட்டாரு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நாலு ஐம்பதிலிருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் வரிசையாக 'இருக்கிறேன்'. வைரஸ் என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை, அதைக் கையை ஆட்டியே காட்டினாள். கேள்வியை மட்டும் நிறுத்தாமல் விட்டேன். நிறுத்துவதற்கு விசையைத் தொட வேண்டும். தொட மனம் வரவில்லை.

அன்றைக்கு நாலே முக்காலுக்கு நான் தனியாகவே இருந்தேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். ஓடுவதற்கு வசதியாக வாசல் பக்கம் கதிரையைப் போட்டு, சப்பாத்தை இறுக்கிக் கட்டி, காற்சட்டைப் பையில் கோயில் திருநீறும் வைத்திருந்தேன். கணினிகளின் வயர்கள் எல்லாம் சுவர் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேரும். வயருக்கு ஒரு பச்சை விளக்கு. பத்து எரிந்துகொண்டிருந்தன. நாலு ஐம்பதுக்குப் பதினோராவது விளக்கு எரிந்தது.

அந்தத் துளையில் ஒரு நீல வயர் இருந்தது. அது மற்ற வயர்களோடு மேசைக்கு வராமல், சுவரில் ஏறி, ஜன்னல் மூலையில் ஒரு ஓட்டை வழியாக மூட்டத்துக்குள் போனது.

ஆவிக்கு வயர் தேவைப்படாது என்று அப்போது தோன்றியது. என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றிய ஒரே அறிவியல் சிந்தனை அதுதான். வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ரப்பர் மரத்துக்கு மரம் சின்ன ஆணி அடித்து, வெயில் படாமல் பட்டையின் நிழல் பக்கமாக, அழகாகக் கட்டியிருந்தார். ஒவ்வொரு மரத்திலும் பால் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. மூட்டத்தில் அடுத்த மரம் தெரியவில்லை. கையில் வயர் மட்டும் இருந்தது. எண்பது மீட்டர்கூட இருக்காது. எனக்குக் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை போவது மாதிரி இருந்தது. பாதி வழியில் வெள்ளையாக ஏதோ என் முகத்தைத் தடவியது. நான் போட்ட சத்தத்துக்கு மேலே தேயிலையில் நின்ற நாய் குரைத்தது. யாரோ அந்த வயரில் பிள்ளைத் துணி காயப் போட்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தவர் ரப்பர் மலைக் காவல்காரர், சிங்கள மனுசர். "மொகத மாத்தயா ஹொயன்னே?" என்றார். என்ன தேடுகிறேன் என்று கேட்கிறார். என் கையிலிருந்த வயரைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. அது மாஸ்டருடைய வயர், வெட்டிக்கிட்டி வைக்காதே என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். மாஸ்டர் செத்துவிட்டாரே என்றேன். "ஒவ்" என்றார். ஆமாம் என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. மூட்டத்துக்குள் போய்விட்டார்.

வயர் ஒரு லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவுக்குள் நுழைந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மேசையில் ஒரு கணினிப் பெட்டி, நெற்றியில் வெள்ளைப் பெயின்டில் பதினொன்று. திரை இல்லை. காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நெஞ்சுச் சளியோடு தூங்குகிற ஆள் மாதிரி. பெட்டியின் முன்னால் ஒரு காமாட்சி விளக்கு. மேசைக்கு முன்னால் காலிக் கதிரை. கதிரையின் பக்கம் திருப்பி வைத்த கோப்பையில் தேத்தண்ணி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் அந்தக் கதிரையைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க மாஸ்டர், தெரியாம கூப்பிட்டுட்டேன்" என்றேன்.

"அவரு இல்லீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான்தாங்க இருக்கேன்."

திரும்பினேன். கையில் விறகோடு ஒரு பெண் நின்றாள். மாஸ்டருடைய மனைவி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாலரைக்கு அது முடியும். வயரில் காய்ந்த துணிகளும் அந்தப் பிள்ளைகளுடையவைதான். நான் யார் என்று சொன்னேன். கதிரையில் உட்காரவா என்று யோசித்தேன். அவள் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

"அந்தத் தேத்தண்ணி அவருக்குங்க. ஒங்களுக்கு வேற போடுறேன்."

அடுப்படியிலிருந்தே எல்லாம் சொன்னாள். மாஸ்டர் நாலரைக்கு வகுப்பை முடித்து, நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக அந்தப் பெட்டியைப் போடுவாராம். கொழும்புக்குப் போய்ப் பெரிய டிஸ்குகளில் சாமான் கொண்டுவந்து அதில் ஏற்றி வைப்பாராம். பிள்ளைகளின் கணினிகள் வயர் வழியாக அங்கே வந்து எடுத்துக்கொள்ளும். கடைசியாகக் கொண்டுவந்தது புதிய விசைப்பலகைக்கானது. ஏற்றி முடித்த மறுநாள்தான் காய்ச்சல் தொடங்கியது. அதை எடுத்துக்கொள்ள நிலையத்தில் ஆள் இல்லாமல் போய்விட்டது. எனக்கு இப்போது எல்லாம் புரிந்தது. நான் அறையில் தேடிய பதினொன்று மாஸ்டரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதை யாருக்கும் சொல்லாமலே அவர் போய்விட்டார்.

"வருசம் திரும்புற வரைக்கும் செத்தவங்க சாமான எடம் மாத்தக் கூடாதுங்க" என்றாள். "வெளக்கு பதினாறாம் நாளோட நிறுத்திரலாம்னாங்க. எனக்கு மனசு வரல. வந்தோன்ன வெளக்கு வைப்பேன். அவரு அமுக்குற பட்டன நான் அமுக்குவேன். சத்தம் கேட்டுக்கிட்டே சோறு ஆக்குவேன். எண்ண தீந்து வெளக்கு அமந்தோன்ன ப்ளக்க புடுங்கிருவேன். இது உள்ளுக்குள்ள என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

பிறகு பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசமா இது சும்மா எரிஞ்சுக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. நேத்து நான் போட்ட ஒடனே மினுங்க ஆரம்பிச்சிருச்சு. வினாடிக்கு ஒண்ணு. ராத்திரி தூக்கமே வரல. அவருதான் ஏதோ சொல்றாருன்னு நெனச்சேன்."

நான் ரொம்ப நேரம் தேத்தண்ணியை ஊதினேன். அது ஆறிப்போயிருந்தது. அந்த மினுக்கம் நான்தான், நிலையத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

"நீங்கதானா" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். ஊரில் நான் ஆட்களைப் பயம் காட்டியிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். அந்த 'நீங்கதானா' மாதிரி ஒன்றை வாங்கியதில்லை.

பெட்டியை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. என்னிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் சினிமாப் பாட்டு பதினெட்டுக்கு மேல் பிடிக்காது. ஆகவே புதன்கிழமை நாலு ஐம்பதுக்கு அவள் பெட்டியைப் போடுவதென்றும், பத்துக் கணினிகளும் எடுத்து முடிக்கும் வரை பிடுங்காமல் இருப்பதென்றும் பேச்சு. இரண்டு மணித்தியாலம் போதும் என்று கணித்திருந்தேன். என் கணிப்புகளின் தரம் உங்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி இடியைப் பற்றி இரத்தினபுரிப் பக்கத்து ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நாலு ஐம்பதுக்குப் பத்துக் கணினிகளையும் தொடக்கிவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே ஓடி அவள் வீட்டுக்குப் போனேன். பச்சை விளக்கு மினுங்கவில்லை. வெறி பிடித்தது போல நடுங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சே காலுக்கு முதல் இடி. தகரம் அதிர்ந்தது. அவள் எழுந்து ப்ளக்கில் கை வைத்தாள்.

"இடிச்சா மொதல்ல இத புடுங்கணும்னு அவரு சொல்லியிருக்காருங்க."

பாதி வந்துவிட்டது, இப்போது பிடுங்கினால் பத்தும் பாதியில் நிற்கும் என்றேன். வெள்ளிக்கிழமை பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். அந்த வாய் நீளமானவளைப் பற்றியும் சொன்னேன். பரீட்சை இல்லையென்றால் தை மாதம் அவளுக்குக் கொழும்பில் வீட்டு வேலை. மாஸ்டரின் மனைவி ப்ளக்கிலிருந்து கையை எடுத்தாள். பலகையில் உட்கார்ந்தாள்.

"எரிஞ்சு போச்சுன்னா?"

அடுத்த இடி இன்னும் பக்கத்தில் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளிடமிருந்து எதை எடுத்து யாருக்குக் கொடுக்கிறேன் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

அப்போது மின்னலும் இடியும் ஒன்றாக வந்தன. காம்பரா முழுக்க வெள்ளையானது. அந்த வெளிச்சத்தில் காலிக் கதிரை எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது, கோப்பையோடு. மறு வினாடி நான் தரையில் கிடந்தேன். என் கையில் ப்ளக் இருந்தது.

அவள் பிடுங்கவில்லை. நான்தான் பிடுங்கியிருந்தேன்.

காற்றாடி மெல்ல அடங்கியது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரித்தாள். வாயைச் சேலையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. "அவரும் இப்படித்தாங்க" என்றாள். "எனக்குத்தான் சொல்லிக் குடுப்பாரு. இடிச்சா அவருதான் மொதல்ல பாய்வாரு."

ஆறு மணிக்கு மழை விட்டது. நான் வெட்கத்தோடு செருப்பைத் தேடினேன். இந்தத் தடவை இரண்டும் இருந்தன. காமாட்சி விளக்கு அணைந்திருந்தது, அவளுடைய நேரம் முடிந்திருந்தது. அவள் எழுந்து விளக்கில் எண்ணெய் ஊற்றினாள், திரியைத் தூண்டினாள், ப்ளக்கைச் சொருகினாள்.

"ஒரு நாளும் ரெண்டாந்தடவ போட்டதில்லங்க" என்றாள், என்னிடம் இல்லை, கதிரையின் பக்கம். பிறகு பட்டனை அமுக்கினாள்.

நான் பயந்ததற்கு மாறாக, விட்ட இடத்திலிருந்தே கணினிகள் எடுத்துக்கொண்டன. நான் நிலையத்துக்குத் திரும்பி, ஒவ்வொன்றாக முடிவதைப் பார்த்தேன். ஏழு மணிக்குள் பத்தும் முடிந்தது. பதினொன்று அரை மணி கழித்தும் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஓடவில்லை. பயப்படவில்லை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்துப் பேரும் பரீட்சை எழுதினார்கள். எட்டுப் பேர் சித்தியடைந்தார்கள். வாய் நீளமானவள் முதலாவது. இப்போது ஒரு அரசாங்க அலுவலகத்தில் என்னைப் போன்றவர்களைக் கேள்வி கேட்கிறாள்.

அமைப்பை ஒழுங்காகச் சரிசெய்வது என்றால் பதினொன்றாம் முகவரி உள்ள அந்த ஒரு வரியை அழிப்பதுதான். அடுத்த வாரம் அதற்காகவே கோப்பைத் திறந்தேன். கர்சர் அந்தக் குறிப்பு வரியில் நின்று மினுங்கியது. மணி நாலு ஐம்பதானது, சுவர்ப் பெட்டியில் பதினோராவது விளக்கு எரிந்தது. கோப்பை மூடிவிட்டேன். பிறகு, ஒரு வேலையும் இல்லாமல், 'இருக்கிறாயா' என்ற கட்டளையைப் போட்டேன்.

மறுநாள் லயப் பக்கம் போனபோது அவளிடம் அது நான்தான் என்று முன்கூட்டியே சொன்னேன். "தெரியுங்க" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும். மினுங்குனா நல்லாத்தான் இருக்கு."

அங்கே இருந்த நாள் வரைக்கும் தினமும் நாலு ஐம்பதுக்குக் கேட்டேன். வருசத் திதி முடிந்த பிறகும் அவள் பெட்டியை நகர்த்தவில்லை, நானும் கேட்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போகிற அன்றைக்குத் தலைமை அலுவலகம் அமைப்புகளைச் சரிபார்த்துவிட்டு வரச் சொன்னது. சரிபார்த்தேன். மாஸ்டருடைய வரியைத் தொடவில்லை. அதற்குக் கீழே, அவரைப் போலவே ஆங்கில எழுத்தில், ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: "நானும்."

எனக்குப் பின் வந்தவர் ஏதாவது ஒரு மூட்டமான சாயங்காலம், தனியாக உட்கார்ந்து, இரண்டு வரியையும் சேர்த்துப் படித்திருப்பார். படிக்கட்டும். சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டால் சரி.